காந்தத் தகடு ஊசி: கட்டியைக் காட்டுமா, சுடுமா?

பிரிவு: அறிவியல் › உடலும் மருந்தும்

#1 வடகரையான்

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு வாரமா ஒரு காணொளி சுத்துது. காகிதத்தை விட லட்சம் மடங்கு மெலிசான காந்தத் தகடுகளை ரத்தத்துல ஏத்துவாங்களாம். வெளியில காந்தத்தைக் காட்டினா தகடு தானா கட்டிக்குப் போய் ஒட்டிக்கிடுமாம். ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுமாம், அப்புறம் சூடேத்தினா கட்டி மட்டும் வெந்து போயிருமாம். முடி கொட்டாது, வாந்தி வராது. கடைசியில ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையோட முதல் பக்கத்தை வேற காட்டுதாங்க.

எங்க தாய்மாமாவுக்கு மூளையில கிளியோபிளாஸ்டோமாங்கிற புத்துக் கட்டி. வயசு 58. ஆபரேஷன் ஆச்சு, 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வச்சாச்சு, மாத்திரை ஓடிக்கிட்டிருக்கு. கரண்ட் முடிஞ்சு எடுத்த ஸ்கேன்ல, வெட்டின இடத்து ஓரத்துல ஏதோ திரும்பத் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப ஒருத்தர் அத்தைக்குப் போன் போட்டு, இந்தத் தகடு வைத்தியத்துக்கு வெளிநாட்டுல இடம் பிடிச்சுத் தர்றேன், முன்பணம் மூணு லட்சம்னு கேக்கார். அத்தை வளையலைக் கழட்டி வச்சிட்டாங்க. அவர் எண் இதுதான்: [எண் நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

இது உண்மையா, புளுகா, பாதிக்குப் பாதியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலோட சரி.

#2 ஐயம்

மூணு லட்சத்தைக் கொடுக்காதீங்க. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

#3 படலம்

நான் இந்தத் தகடுகளோடுதான் பகல் முழுக்க மல்லுக்கட்டுகிறேன் (பொருளறிவியல், முனைவர் பட்டம், நான்காம் ஆண்டு, வழிகாட்டி கையெழுத்துப் போடும் நாளுக்காகக் காத்திருப்பு). அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காக்காப்பொன் பார்த்திருப்பீர்கள். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். பென்சில் காரீயமும் அப்படித்தான், நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏடுகள் அடுக்கியிருக்கும். அதில் ஒற்றை ஏட்டை உரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலவும் 2004-இல் ஒட்டுநாடாவை வைத்தே உரித்துக் காட்டினார்கள், 2010-இல் நோபல் பரிசு. இப்படி ஓர் அணு அல்லது சில அணுக்கள் தடிமனில் நிற்பவற்றை இரு பரிமாணப் பொருள் என்கிறோம். கிராஃபீன் ஆக்சைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு, மாங்கனீசு டை ஆக்சைடு, 2011-இல் பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலையில் பிறந்த மெக்சீன்கள் என்று குடும்பம் பெரிது.

மருத்துவத்துக்கு ஏன் தகடு என்றால், பரப்பு. ஒரு கிராம் கிராஃபீனுக்குக் கணக்குப்படி 2,630 சதுர மீட்டர் பரப்பு. ஏறத்தாழ அறுபத்தைந்து சென்ட் நிலம்! கீமோ மருந்தை அதன் மேல் அப்பலாம், அகச்சிவப்பு ஒளியை விழுங்கவைத்துச் சூடாக்கலாம். மேலே இரும்பு ஆக்சைடுத் துகள்களை வளர்த்துவிட்டால் காந்தக் குணமும் வந்துவிடும். சீனாவின் சூச்சோ பல்கலையில் ஜுவாங் லியூவின் குழு 2010-இல் கிராஃபீனை எலிக்குச் செலுத்தி, ஒளியால் கட்டியைச் சுட்டுக் காட்டியது. இரண்டு வருடத்தில் அதன் மேல் இரும்பு ஆக்சைடையும் ஏற்றி எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தார்கள். 2015-இல் மாலிப்டினம் டைசல்ஃபைடு ஏடு, மேலே இரும்புத் துகள், அதோடு கதிர்வீசும் தாமிரம்-64. ஒரே ஊசியில் மூன்று வகைப் படம், கூடவே சூட்டு வைத்தியம்.

ஆக, உங்கள் காணொளியில் வருவது முழுப் புளுகு இல்லை. எல்லாம் எலியில் நடந்தவை. அந்த ஒரு சொல்லைத்தான் கத்தரித்துவிட்டார்கள்.

#4 மாலிகிரீஸ்

படலம் தம்பி, ஒரு சந்தேகம். மாலிப்டினம் டைசல்ஃபைடுன்னா நாங்க பேரிங்குக்குப் போடுற கருப்பு கிரீஸ்ல இருக்குறதுங்களா? முப்பது வருசமா லேத் பட்டறை வெச்சிருக்கேன். கையெல்லாம் அதுதான்.

#5 படலம்

அதேதான் அண்ணே. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் உங்கள் பேரிங் சுற்றுகிறது. எங்களுக்கும் அந்த வழுக்கல்தான் உரித்தெடுக்க உதவுகிறது. உங்கள் கையில் இருப்பது கட்டு, எங்களிடம் இருப்பது தாள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "இரு பரிமாணக் காந்தம்" என்று தேடினால் குரோமியம் டிரைஅயோடைடு என்று ஒன்று வரும். 2017-இல் அதன் ஒற்றை அடுக்கே நிலைக்காந்தமாக இருக்கிறது என்று காட்டினார்கள். அசல் இரு பரிமாணக் காந்தம் அதுதான், இயற்பியலில் பெரிய விஷயம். ஆனால் அதன் காந்தத்தன்மை 45 கெல்வினில் போய்விடும், அதாவது மைனஸ் 228 டிகிரி செல்சியஸ். நம் உடம்பு 310 கெல்வின். போதாக்குறைக்குக் காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அழிந்துவிடும். ரத்தத்தில் விடுகிற பொருளா அது?

புற்றுநோய்க் கட்டுரைகளில் "காந்த இரு பரிமாணப் பொருள்" என்று வருவது பெரும்பாலும், காந்தமே இல்லாத தகட்டின் மேல் எள் தூவின மாதிரி இரும்பு ஆக்சைடு தூவியது. இல்லையென்றால் மாங்கனீசோ கடோலினியமோ கலந்த தகடு. எள்ளுருண்டைக்கும் எள் தட்டைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு காந்தத்தையும் போட்டுக் குழப்பி எழுதுகிற மதிப்பாய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சரி, அது என் சொந்தப் புலம்பல்.

#6 டெஸ்லாக்காரன்

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், மதுரைப் பக்கம், 14 வருசம். படம் எடுக்குற பக்கத்தை நான் சொல்றேன்.

மிசின்ல நாம பாக்குறது தண்ணியில உள்ள ஹைட்ரஜனைத்தான். காந்தத்துக்குள்ள படுத்ததும் அதெல்லாம் ஒரு பக்கமா அணிவகுக்கும். ரேடியோ அலையால ஒரு தட்டு தட்டுனா சாயும், திரும்ப நிமிரும். நிமிர எவ்வளவு நேரம் ஆகுதுங்குறதுதான் படம். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா அந்த நேரம் மாறும். கடோலினியம் போட்டா டி-1ங்குற வகைப் படத்துல வெள்ளையாத் தெரியும். இரும்பு ஆக்சைடு போட்டா டி-2ங்குற வகைப் படத்துல கருப்பாயிரும். மாங்கனீசும் வெள்ளைதான்.

இப்ப எல்லா சென்டர்லயும் போடுறது கடோலினியம். "மொதல்ல க்ரியேட்டினின் பாத்துட்டு வாங்க"ன்னு நாங்க விரட்டுறோம்ல, அதுக்குக் காரணம் இருக்கு. கிட்னி மோசமா இருக்கவங்களுக்கு இந்த ஊசிக்கப்புறம் தோல் பலகை மாதிரி இறுகிப்போற ஒரு நோய் வந்துச்சு. ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு 2006-லதான் கண்டுபிடிச்சாங்க. 2014-ல, திரும்பத் திரும்ப ஊசி போட்டவங்க மூளையில கடோலினியம் தங்குதுன்னு ஜப்பான்ல இருந்து ஒரு கட்டுரை வந்துச்சு. 2017-ல ஐரோப்பாவுல பழைய வகை ஊசிகள்ல பலதை நிறுத்திட்டாங்க. அதனால கடோலினியத்துக்கு மாத்து தேடுறாங்கங்குறது நெசம். அந்த மாத்துல இந்தத் தகடும் ஒண்ணு.

வடகரையான் சார், ஒரு விசயம். நான் ரிப்போர்ட் எழுதுற ஆள் இல்ல, சொல்லவும் கூடாது. ஆனா கரண்ட் முடிஞ்ச மொத மூணு மாசத்துக்குள்ள எடுத்த ஸ்கேன்ல ஓரம் வெள்ளையாத் தெரிஞ்சா, எல்லா நேரமும் கட்டி திரும்ப வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. கரண்ட்டால வெந்த இடமும் கடோலினியத்தைக் கசியவிட்டு அதே மாதிரி தெரியும். அதை "போலி வளர்ச்சி"ம்பாங்க. டாக்டர்கிட்ட இந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்க.

#7 வடகரையான்

டெஸ்லாக்காரன் சார், இதை ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லல. கரண்ட் முடிஞ்சு ஆறு வாரத்துல எடுத்த ஸ்கேன் அது. கேக்கேன். ரொம்ப நன்றி.

#8 மாலிகிரீஸ்

சூடேத்துறது எப்படிங்க? எங்க வீட்டு இன்டக்‌ஷன் அடுப்பு மாதிரிங்களா? அப்படின்னா உடம்புல இருக்குற மத்த இரும்பெல்லாம் சூடாகாதா? ரத்தத்துலயே இரும்பு இருக்குதுல்ல?

#9 படலம்

நல்ல கேள்வி அண்ணே, ஆய்வகத்து மாணவர்களே இதில் தடுக்கி விழுவார்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகிறது. பத்து நானோமீட்டர் துகளில் அப்படி ஓட இடமே இல்லை. இங்கே நடப்பது வேறு. காந்தப் புலத்தை வினாடிக்கு லட்சம் முறை திசை மாற்றுகிறார்கள். துகளின் காந்த முனையும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்தங்கும், அந்தப் பின்தங்கல்தான் வெப்பமாகிறது. 1957-இலேயே சிகாகோவில் கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவர், நிணநீர் முடிச்சுகளுக்குள் இருக்கும் புற்றை இப்படிச் சுடலாம் என்று சோதித்துப் பார்த்தார். புது யோசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் இரும்பு புரதத்துக்குள் தனித்தனி அணுவாக உட்கார்ந்திருக்கிறது. அது துகள் காந்தம் இல்லை, சூடாகாது.

ஆனால் உங்கள் பயத்தில் வேறொரு உண்மை இருக்கிறது. துகளில் ஓடாத சுழல் மின்னோட்டம், உப்புத் தண்ணீர் நிரம்பின நம் உடம்பில் ஓடும். புலத்தைக் கூட்டினால் துகளுக்கு முன்னால் நோயாளி சூடாகிவிடுவார். 1984-இல் அட்கின்சன் குழு ஆள்களை வைத்தே ஒரு வரம்பு கண்டது: புல வலிமையையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் மீட்டருக்கு, வினாடிக்கு சுமார் 48 கோடியே 50 லட்சம் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. கவனிக்க வேண்டியது இதுதான்: இந்தத் தேவையில்லாத சூடு, புலத்துக்குள் இருக்கும் உடம்பின் ஆரத்தின் இருபடியில் ஏறும். எலி விரல் தடிமன். மனிதன் அடுக்களைத் தவலை. எலிக்குக் கொடுக்கிற புலத்தை மனிதனுக்குக் கொடுக்கவே முடியாது. "ஐந்து நிமிடத்தில் 50 டிகிரி" என்று கட்டுரையில் பார்த்தால் என்ன புலத்தில், எவ்வளவு அதிர்வெண்ணில் என்று செய்முறைப் பகுதியைத் திறந்து பாருங்கள். பல கட்டுரைகள் இந்த வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒளியால் சுடுவதிலும் இதே சிக்கல்தான். அகச்சிவப்பு லேசர் சதைக்குள் சில மில்லிமீட்டரிலேயே மங்கிவிடும். எலியின் விலாவில் தோலுக்கடியில் ஒரு கடலை அளவுக் கட்டி வளர்த்து அதைச் சுட அது போதும். மண்டையோட்டுக்குள் ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதை என்ன செய்வது? காந்தப் புலத்துக்கு ஆழம் ஒரு தடை இல்லை. அதனால்தான் ஒளித் தகட்டுக்கெல்லாம் காந்தம் சேர்க்க ஓடுகிறோம்.

#10 கயல்

நான் ஸ்காபரோவில ஒரு மருந்தகத்தில வேலை செய்யிறன். படலம் சொன்ன சூடு எல்லாம் சரி. ஆனா தகடு கட்டிக்குள்ள போய்ச் சேருதோ எண்டதுதான் என்ர முதல் கேள்வி.

எங்கட ஊர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில வாரன் சானின்ர ஆய்வுகூடம் 2016-இல ஒரு கணக்குப் பாத்தது. அதுக்கு முந்தின பத்து வருசத்தில வந்த 117 எலி ஆய்வுகளை எடுத்து, ஊசியில போட்ட நானோத் துகளில எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேந்தது எண்டு பாத்தவை. நடுமட்டம் 0.7 சதவீதம். நூறு போட்டா ஒண்டு கூட இல்லை. மிச்சத்தில பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் எடுத்திடும். சிறுநீரகத்தால வெளியேற வேணுமெண்டா அஞ்சரை நானோமீட்டருக்குக் கீழ இருக்க வேணும். இந்தத் தகடுகள் அகலத்தில அம்பது, நூறு, இருநூறு.

#11 படலம்

கயல் அக்கா, மறுக்கவில்லை. என் ஆய்வேட்டிலேயே அந்த எண்ணை எழுதியிருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதனுக்கு 1,200 மில்லிகிராம். அதில் 0.7 சதவீதம் என்றால் 8.4 மில்லிகிராம் கட்டிக்குள் போகும். பரவாயில்லை போலத்தான் தெரிகிறது.

#12 கயல்

இல்லைத் தம்பி, மருந்தில அப்பிடி நேராப் பெருக்கக் கூடாது! எலியின்ர உடம்பு வேகம் வேற. உடற்பரப்பை வைச்சு மாத்த வேணும், எலி அளவை 12.3 ஆல வகுக்கிறது வழமை. 20 ஐ வகுத்தா 1.6 மில்லிகிராம். அறுபது கிலோவுக்கு நூறு மில்லிகிராம் கூட வராது. அதில 0.7 சதவீதம் எண்டா முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு. அதையும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக் கட்டி முழுக்கப் பரப்பிப் பாருங்கோ.

#13 படலம்

சரணடைந்தேன். என் வழிகாட்டி இதைப் பார்க்காமல் இருக்கக் கடவது.

#14 ஐயம்

அப்படியென்றால் வெளிப்படையாகவே கேட்கிறேன். கட்டிக்கு ஒரு சதவீதம் கூடப் போகாது, மனிதனுக்கு அந்தப் புலம் ஆகாது, ஒளி எட்டாது. பிறகு எதற்கு ஆயிரக்கணக்கில் கட்டுரைகள்? ஒரு தகடு, அதில் ஒரு பூச்சு, பத்து எலி, வண்ண வண்ணமாக ஒரு படம், முனைவர் பட்டம். அடுத்த வருடம் வேறொரு தகடு. இதைக் காட்டித்தானே மூணு லட்சக்காரர்கள் கடை விரிக்கிறார்கள்? படலத்தைக் குறை சொல்லவில்லை, அவர் ஒழுங்காகத்தான் பேசுகிறார். ஆனால் அந்தக் காணொளியில் காட்டிய முதல் பக்கம் உங்களைப் போன்ற ஒருவர் எழுதியதுதானே.

#15 டெஸ்லாக்காரன்

ஐயம் சார், கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா மனுசங்ககிட்ட வேலை செஞ்ச கதையும் இருக்கு. ரெண்டு சொல்றேன்.

ஈரல் துகளைத் தின்னுருதுன்னு கயல் சொன்னாங்கல்ல, அதையே ஒரு காலத்துல உபயோகப்படுத்துனாங்க. 1996-ல அமெரிக்காவுல ஃபெரிடெக்ஸ்னு ஒரு இரும்பு ஆக்சைடு ஊசிக்கு அனுமதி கிடைச்சுச்சு. அதை ஏத்துனா நல்ல ஈரல்ல இருக்குற செல்லுங்க தின்னு கருப்பாயிரும். கட்டியில அந்தத் தின்னுற செல்லு இல்ல, அதனால அது மட்டும் வெள்ளையா நிக்கும். துகள் கட்டிக்குப் போகவே வேணாம், போகாததுதான் அடையாளம்! 2008 வாக்குல அந்த ஊசி நின்னுபோச்சு.

ரெண்டாவது, நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. புரோஸ்டேட் புத்து நிணநீர் முடிச்சுக்குப் பரவிருக்கான்னு பாக்கணும். முடிச்சு வீங்கலைன்னா சாதா எம்.ஆர்.ஐ.ல தெரியாது. 2003-ல 80 பேருக்கு இரும்புத் துகள் ஊசி போட்டு, 334 முடிச்சை வெட்டி, மைக்ராஸ்கோப்புல ஒப்பிட்டுப் பாத்தாங்க. புத்து இருந்தது 63. சாதாப் படம் அதுல 35.4 சதவீதத்தைத்தான் புடிச்சது. துகள் போட்ட படம் புடிச்சது 90.5 சதவீதம். நல்ல முடிச்சு துகளைத் தின்னு கருக்கும், புத்து இருக்குற பகுதி வெளுத்தே நிக்கும். அதே தத்துவம். அவ்வளவு நல்ல ரிசல்ட் வந்தும் அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கிடைக்கல. நெதர்லாந்துல நைமெகன் ஊர் ராட்பவுட் ஆஸ்பத்திரிக்காரங்கதான் விடாம அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

இன்னைக்கும் ஓடுறது ஒண்ணு: மார்புப் புத்து ஆபரேஷன்ல, புத்து பரவுனா மொதல்ல போற நெறியைக் கண்டுபுடிக்க மாக்ட்ரேஸ்னு இரும்புத் திரவம். 2018-ல அமெரிக்க அனுமதி. மார்புல ஊசி போட்டு, அக்குள்ல ஒரு காந்தக் கோலை வச்சுத் தேடுவாங்க. கதிரியக்க மருந்து வேணாம். அந்த நேரம் பக்கத்துல இரும்புக் கத்தி, இடுக்கி எதுவும் இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் கருவிதான். போட்ட இடத்துல தோல் மாசக்கணக்குல கூடப் பழுப்பா இருக்கலாம், பின்னால மார்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தா படத்துல அந்த இடம் கெட்டுப்போகும். இதெல்லாம் உருண்டைத் துகள், தகடு இல்ல.

#16 வடகரையான்

எல்லாம் சரி, மூளைக் கட்டிக்கு மனுசங்ககிட்ட எப்பவாவது செஞ்சிருக்காங்களா? ஒண்ணுமே இல்லைன்னா அத்தைகிட்ட சொல்ல லேசா இருக்கும். இருக்குன்னா அதையும் மறைக்காம சொல்லணும்ல.

#17 படலம்

செய்திருக்கிறார்கள். அதுவும் உங்கள் மாமாவுக்கு வந்திருக்கும் அதே கட்டிக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெர்லினில் மாக்ஃபோர்ஸ் என்று ஒரு நிறுவனம். சாரிட்டே மருத்துவமனையில் ஆந்த்ரேயாஸ் யோர்டன் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. மருந்தின் பெயர் நானோதெர்ம்: 12 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடுத் துகள், மேலே அமினோசிலேன் பூச்சு, தண்ணீரில் கலந்தது. ஒரு மில்லிலிட்டரில் 112 மில்லிகிராம் இரும்பு, கரிய குழம்பு. ரத்தத்தில் ஏற்றவில்லை, காந்தத்தைக் காட்டி இழுக்கவும் இல்லை. மண்டையில் துளை போட்டு, படத்தைப் பார்த்துக் குறி வைத்து, நேராகக் கட்டிக்குள்ளேயே ஊசியை இறக்கினார்கள். கயல் அக்காவின் 0.7 சதவீதத்தைத் தாண்ட அவர்கள் கண்ட வழி அதுதான். பிறகு தலையை 100 கிலோஹெர்ட்ஸ் புலத்துக்குள் வைத்து ஒரு மணி நேரம் சூடேற்றினார்கள். இப்படி ஆறு முறை, கூடவே கதிர்வீச்சும்.

2011-இல் முடிவு வந்தது. கட்டி திரும்ப வந்த 59 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகள். திரும்ப வந்தது தெரிந்த நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதம். அந்த நோய்க்கு அது நல்ல எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு கிடையாது. இதே நோயாளிகள் கதிர்வீச்சு மட்டும் எடுத்திருந்தால் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2010-லேயே ஐரோப்பிய அனுமதி கிடைத்தும் பரவலாகவில்லை. 2022-இல் நிறுவனம் திவாலானது.

ஆக, அத்தையிடம் சொல்ல வேண்டியது: செய்ததுண்டு, ஊசி மண்டைக்குள்தான் போட்டார்கள், அந்த நிறுவனமே கவிழ்ந்துவிட்டது. தகடு என்று போன் போடுகிறவர் இதில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

#18 டெஸ்லாக்காரன்

இதுல எங்க தொழிலுக்கு ஒரு வேடிக்கை இருக்கு, படலம் விட்டுட்டார். நானோதெர்ம் போட்டவங்க தலைக்கு அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பிரயோசனம் இல்ல. இரும்பு அவ்வளவு இருக்கு, படத்துல அந்த இடமே கருங்குழியா விழுந்துரும். கட்டி வளருதா இல்லையான்னு பாக்க பெட் ஸ்கேனுக்குத்தான் போகணும். தலைக்கு 40 சென்டிமீட்டருக்குள்ள உலோகம் இருக்கக் கூடாதுன்னு பல்லுல அடைச்ச உலோகத்தைக்கூட எடுத்தாங்க.

கணக்குப் பாருங்க. ஃபெரிடெக்ஸ் அளவு கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. அறுபது கிலோ ஆளுக்கு மொத்தமே 34 மில்லிகிராம் கூட வராது, அதுவும் உடம்பு முழுக்க. நானோதெர்ம் ஒரே ஒரு மில்லியில 112, அதுவும் ஒரே இடத்துல. பாக்குறதுக்குச் சிட்டிகை போதும், சுடுறதுக்குப் படி வேணும். "ஒரே ஊசியில பாக்கவும் செய்யலாம், சுடவும் செய்யலாம்"னு எல்லாக் கட்டுரைத் தலைப்புலயும் போடுறாங்களே, அந்த ரெண்டு அளவும் ஒரு ஊசிக்குள்ள எப்படி அடங்கும்?

#19 மாலிகிரீஸ்

வெல்டிங் வெளிச்சத்துலயே அளவுகோலைப் படிக்கச் சொல்ற கதைதானுங்க இது.

#20 படலம்

அண்ணே, அந்த உவமையை என் ஆய்வேட்டில் திருடிக்கொள்கிறேன்.

டெஸ்லாக்காரன் சொன்னதுதான் இந்தத் துறையின் தொண்டையில் சிக்கின முள். அதனால்தான் எனக்கு இரும்பு தூவின தகட்டை விட மாங்கனீசு டை ஆக்சைடுத் தகட்டின் மேல் நம்பிக்கை. அதில் சூடேற்றுகிற வேலையே இல்லை. தகடாக இருக்கும்போது மாங்கனீசு உள்ளே அடைபட்டிருக்கும், எம்.ஆர்.ஐ.யில் அவ்வளவாகத் தெரியாது. கட்டிக்குள் புளிப்புத்தன்மை கூடுதல், குளூட்டாதயோன் என்ற பொருளும் கூடுதல். அது பட்டதும் தகடு கரைந்து மாங்கனீசு அயனி வெளியே வரும், டி-1 படம் வெளுக்கும். கட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஆக்சிஜனும் விடும். மூச்சுத் திணறிக் கிடக்கும் கட்டி கதிர்வீச்சுக்கு மசியாது, ஆக்சிஜன் கிடைத்தால் மசியும். தகடு நிரந்தரமாகத் தங்குவதும் இல்லை. கரைகிறதே அதன் வேலை.

#21 கயல்

கரைஞ்ச மாங்கனீசு எங்க போகும் எண்டு கேக்க மாட்டன் எண்டு நினைச்சியளோ? 1837-இலேயே ஸ்கொட்லாந்தில கூப்பர் எண்ட வைத்தியர், மாங்கனீசு அரைக்கிற தொழிலாளருக்கு நடை தளருது, பேச்சுக் குழறுது எண்டு எழுதி வைச்சிருக்கிறார். பார்க்கின்சன் மாதிரி ஒரு நோய். மாங்கனீசை வெளியேத்திறது ஈரலும் பித்தமும். ஈரல் பழுதான புற்றுநோயாளிக்கு எப்பிடிக் குடுக்கிறது?

#22 டெஸ்லாக்காரன்

கயல் சொல்றதை நான் படத்துலயே பாத்துருக்கேன். ஈரல் சுருங்கிப்போனவங்க மூளைக்கு ஊசி போடாமலே டி-1 எடுத்தா, நடுவுல ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒளிரும். சாப்பாட்டுல வர்ற மாங்கனீசுதான், ஈரல் வெளியேத்தாம அங்க போய்ப் படிஞ்சது. மொத தடவை பாத்தப்ப மிசின்ல கோளாறுன்னு நெனைச்சு ரெண்டாந்தரம் எடுத்தேன். சீனியர் திட்டுனார்.

#23 படலம்

உண்மைதான். மாங்கனீசு ஊசி ஒன்று 1997-இல் ஈரல் படத்துக்கென்றே அமெரிக்க அனுமதி வாங்கி, பிறகு சந்தையிலிருந்து போனதும் நடந்திருக்கிறது. அளவு சின்னதாக இருக்கும்வரை ஆரோக்கியமான ஈரல் சமாளிக்கும் என்பதுதான் எங்கள் பதில். மனிதனில் காட்டாதவரை அது பாதி பதில்தான்.

கிராஃபீனுக்கு மனிதரில் சோதனையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மெல்லிய கிராஃபீன் ஆக்சைடுத் தூளை 14 தன்னார்வலர்கள் சுவாசித்த ஆய்வு 2024-இல் வந்தது. எடின்பரோவும் மான்செஸ்டரும் சேர்ந்து நடத்தியது. உடனடியாகப் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை. அது பாதுகாப்புக்கான முதல் அடி, புற்றுநோய் மருந்து இல்லை, நரம்பில் ஏற்றியதும் இல்லை. தகடுகள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதற்கு அது ஓர் அளவு.

ஐயம் அவர்களே, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், பல கட்டுரைகள் பட்டத்துக்காகத்தான் எழுதப்படுகின்றன. என்னுடைய ஒன்றும் அப்படித்தான். எலிக்கு ஊசி போட்டு முப்பதாம் நாள் கொன்று, ஈரலில் இருந்த இரும்பை அளந்துவிட்டு, "குறிப்பிடத்தக்க நச்சுத்தன்மை இல்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். அறுபதாம் நாள் என்ன ஆயிருக்கும் என்று பார்க்கப் பணம் இல்லை.

#24 ஐயம்

இந்தப் பதிலுக்காகவே உங்கள் மேல் மரியாதை கூடுகிறது.

வடகரையான், ஒன்று செய்யுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009-இலிருந்து கட்டாயம். வெளிநாட்டிலும் இதே போலப் பதிவேடுகள் உண்டு. அந்த ஆளிடம் சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனை மருந்தைக் கொடுத்துவிட்டு நோயாளியிடமே காசு வாங்குவது எந்த ஊர் முறை என்றும் கேளுங்கள்.

#25 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு இடுகைகளை நீக்கியிருக்கிறேன் (ஒன்று கழுதைப்பால், இன்னொன்று அதே முகவரின் எண் வேறு பெயரில்). இங்கே யாரும் நோயாளியின் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ சொல்ல வேண்டாம்.

#26 வடகரையான்

மன்னிக்கணும், நாலு நாளா வர முடியல.

பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் அங்க போனப்புறம்தான் தருவாங்க"ன்னார். எலியிலயா மனுசங்ககிட்டயான்னு கேட்டேன். "எலியும் மனுசனும் ஒண்ணுதான் சார், டி.என்.ஏ."ன்னார். அத்தை ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. போனை வாங்கி, "அப்ப எலிக்கே கல்யாணம் பண்ணி வச்சு மூணு லட்சம் சீர் வாங்கிக்கோ"ன்னு சொல்லி வச்சிட்டாங்க. வளையல் திரும்பக் கைக்குப் போயிருச்சு.

டாக்டர்கிட்ட டெஸ்லாக்காரன் சார் சொன்ன சொல்லைச் சொன்னேன். அவரும் அதைத்தான் யோசிச்சிக்கிட்டிருக்காராம். மாத்திரையை நிறுத்த வேண்டாம், எட்டு வாரம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்னார். நல்ல சேதின்னு சொல்ல முடியாது. கெட்ட சேதின்னும் இன்னும் சொல்லல.

சார், ஒரு சின்னச் சந்தேகம். மாமா இடுப்புல வெள்ளி அரைஞாண் கிடக்கு, அதுல செப்புத் தாயத்து. போன தடவை ஸ்கேன் சென்டர்ல கழட்டச் சொன்னதுக்குச் சண்டை போட்டுட்டார். வெள்ளியும் செம்பும் காந்தத்துல ஒட்டாதேங்கார். அடுத்த தடவை அப்படியே போகலாமா?

#27 டெஸ்லாக்காரன்

ஒட்டாதுதான், மாமா சொல்றது சரி. ஆனா ரேடியோ அலை அடிக்கிறப்ப உலோகம் சூடாகும், வளையமா இடுப்பைச் சுத்திக் கிடந்தா இன்னும் மோசம், தோல் கொப்பளிச்சுரும். அதுவும் தாயத்துக்குள்ள என்ன தகடு வச்சு அடைச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?

கழட்டணும்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தைக்குத்தான் கோவம் வரும். அத்தை வெளிய உக்காந்து கையில வச்சுக்கிட்டே இருக்கட்டும், முடிஞ்சு வந்ததும் அவங்க கையாலயே கட்டிவிடட்டும்னு சொல்லுங்க. எங்க சென்டர்ல இப்படித்தான் நடக்குது. வர்றப்ப ஒரு கருப்புக் கயிறு கையோட கொண்டு வந்துருங்க, இடுப்பு வெறுமையா இருக்குன்னு பெரியவங்க சங்கடப்படுவாங்க. கயிறு மட்டும்னா மிசினுக்கு ஒண்ணும் இல்ல.